இரண்டு ஊசி போட்ட குட்டிக்கும் பார்வோ: வெளியே விடும் நாளை எதை வைத்துக் கணக்கிடுவது?

14 வாரம் 3 நாள் வயதான பெண் பூனைக்குட்டி. எடை 1.3 கிலோ. சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தள வீடு. முந்தின நாள் காலையிலிருந்து எதையும் தின்னவில்லை. மஞ்சள் நுரையாக நான்கு முறை வாந்தி எடுத்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் போய்க் குந்துகிறது, முகத்தை அதன் மேல் தொங்கப்போட்டுக்கொண்டே இருக்கிறது, ஒரு மிடறும் குடிப்பதில்லை. வயிற்றைத் தொட்டால் முனகுகிறது. உடல்வெப்பம் 105.1 ஃபாரன்ஹீட், பூனைக்கு இயல்பு 100.5 முதல் 102.5 வரை.

வளர்ப்பவர்கள் கையில் தடுப்பூசி அட்டை இருக்கிறது. 8ஆம் வாரம் ஒன்று, 12ஆம் வாரம் ஒன்று என மூன்று நோய்க் கூட்டு ஊசி இரண்டு டோஸ் போட்டாயிற்று. 12ஆம் வாரத்திலேயே வெறிநோய் ஊசியும் போட்டாயிற்று. அடுத்த தேதி ஓராண்டு தள்ளி எழுதப்பட்டிருக்கிறது. கோர்ஸ் முடிந்தது என்று நம்பி, இரண்டாம் ஊசிக்கு எட்டு நாள் கழித்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து ஒன்பதாம் நாள் குட்டி படுத்துவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது ஏதோ ஒரு வீட்டுக் குட்டியின் கோப்பு அல்ல. பூனை வளர்க்கும் வீடுகளில் ஒரே வரிசையில் நடக்கும் ஒரு தவறை விளக்குவதற்காக, ஒரே குட்டியின் நாள்கணக்கில் கோத்த மாதிரி நிகழ்வு. எண்களும் நாள்களும் மருத்துவக் கணக்குக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டவை.

முன்கதையில் கவனிக்க வேண்டியவை

குட்டியின் தாய் நன்றாக வளர்க்கப்பட்ட வீட்டுப் பூனை. ஆண்டுதோறும் ஊசி போட்டிருக்கிறார்கள். பிறந்த அன்றே எல்லாக் குட்டிகளும் நன்றாகப் பால் குடித்தன. 8 வாரத்தில் இந்த வீட்டுக்கு வந்தது. புழு மருந்து முறைப்படி கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் தாய்க்கு நல்ல எதிர்ப்புச்சக்தி இருந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு. அதைப் பிறகு அவிழ்ப்போம்.

குட்டி உலாவிய இடம், அடுக்ககத்தின் மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலை. அங்கே தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறார்கள். அங்கே ஈன்றிருந்த தெருப்பூனையின் குட்டிகள் இரண்டு வாரத்துக்கு முன் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. யாரோ விஷம் வைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் குட்டிகள் அடுத்தடுத்துச் சாகும்போது முதலில் நினைக்க வேண்டியது விஷத்தை அல்ல, ஃபெலைன் பான்லுகோபீனியாவை. பூனை வளர்ப்பவர்கள் பூனைப் பார்வோ என்று சொல்லும் வைரஸ் நோய் அதுதான்.

அந்த வைரஸ் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். மண்ணிலும் தரையிடுக்கிலும் துணியிலும் ஓராண்டு வரைகூடப் பிழைத்திருக்கும். செருப்படியில் ஒட்டி வீட்டுக்குள் வரும். ஆகவே வீட்டுக்குள்ளேயே இருக்கும் குட்டிக்கும் இது வரலாம். ஆனால் செருப்பில் ஒட்டி வரும் அளவும், நோய்ப்பட்ட குட்டி கழிந்த இடத்தில் புரண்டு பாதத்தை நக்கும்போது உள்ளே போகும் அளவும் ஒன்றல்ல. அதே வளாகத்தில் பார்வோ வந்த நாய்க்குட்டி இருந்ததா என்றும் கேட்க வேண்டும். நாய்ப் பார்வோவின் இப்போதைய வகைகள் பூனையையும் தொற்றக்கூடியவை.

தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய பெரும்பாலும் 2 முதல் 7 நாள் ஆகும். இந்தக் குட்டி பிறந்த 101ஆம் நாள் நோயில் விழுந்தது. எண்ணிப் பார்த்தால் 94க்கும் 99க்கும் இடையில் ஒரு நாளில் தொற்றியிருக்க வேண்டும். கதவு திறந்தது 92ஆம் நாள்.

சோதனை

மலத்தில் பார்வோ பட்டைச் சோதனை செய்யப்பட்டது. நாய்க்கென்று வரும் பட்டையே பூனை வைரஸையும் காட்டும். கோடு விழுந்தது. இங்கே ஒரு குழப்பம் வரும்: உயிருள்ள வைரஸ் ஊசி போட்ட குட்டியின் மலத்திலும் ஊசி வைரஸ் சில நாள் வெளியேறுவதால், ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள் மங்கலான கோடு விழலாம். இந்தக் குட்டிக்கு ஊசி போட்டு 17 நாள் ஆகிவிட்டது, கோடும் அழுத்தமாக இருந்தது. கோடு விழாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயின் தொடக்கத்திலும், வைரஸ் விட்டுவிட்டு வெளியேறும் நாள்களிலும் பட்டை ஏமாற்றும். ரத்த எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,800. பூனைக்கு இயல்பு ஏறக்குறைய 5,500 முதல் 19,500 வரை. மறுநாள் 1,100 ஆக இறங்கியது. வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் பிடிக்கும்: குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை. ஒன்று கரைவதால் வாந்தியும் கழிச்சலும். மற்றது கரைவதால் வெள்ளையணுச் சரிவு. காய்ச்சல், வாந்தி, வெள்ளையணு வீழ்ச்சி, பட்டையில் அழுத்தமான கோடு ஆகிய நான்கும் சேர்ந்தபின் வேறு நோயைத் தேட வேண்டியதில்லை.

ஊசி ஏன் பிடிக்கவில்லை

ஊசி போலியா, கெட்டுப்போனதா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல ஊசியே, சரியாகப் போட்டும், பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணம் குட்டியின் ரத்தத்திலேயே இருக்கிறது. அது சீம்பால்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டியின் ரத்தத்தில் சேர்கின்றன. அதன்பின் குடல் அவற்றை உள்ளே விடாது. இந்தக் கடன் சக்தி குட்டியை முதல் சில வாரங்கள் காக்கும். ஆனால் அது காட்டு வைரஸ் (வெளியிலிருந்து தொற்றி நோய் தருவது), ஊசி வைரஸ் என்று பேதம் பார்க்காது. ஊசியில் வரும் பலவீனமாக்கப்பட்ட வைரஸ் குட்டியின் உடலில் கொஞ்சம் பெருகினால்தான் சொந்தச் சக்தி உருவாகும். கடன் சக்தி மிச்சமிருந்தால் அது ஊசி வைரஸைப் பெருகவிடாமல் அழித்துவிடும். ஊசி போட்டது அட்டையில் இருக்கும், உடலில் இருக்காது.

கடன் சக்தி ஏறக்குறைய 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். கணக்குக்காக மட்டும் சில அலகுகளை வைத்துக்கொள்வோம்; இவை ஆய்வக அளவுகள் அல்ல. 20 அலகுக்கு மேல் இருந்தால் காட்டு வைரஸ் நுழையாது. 5 அலகுக்கு மேல் இருந்தால் ஊசி பிடிக்காது.

மெலிந்த தெருப்பூனைக்குப் பிறந்து, 160 அலகு மட்டுமே வாங்கிய குட்டியைப் பாருங்கள். 30ஆம் நாளே 20க்கு வந்துவிடும், அதாவது நான்கு வாரத்திலேயே காப்பு போய்விடும். 8ஆம் வாரம் போடும் ஊசி அதற்கு நன்றாகப் பிடிக்கும், அதுவரை உயிரோடு இருந்தால். இப்போது நம் குட்டி: திடமான தாய், வயிறு நிறையச் சீம்பால், 5,120 அலகு. 56ஆம் நாள், 8ஆம் வார ஊசி அன்று, இன்னும் 100க்கு மேல் மிச்சம், ஊசி வீண். 80ஆம் நாள் 20க்கு இறங்குகிறது. 84ஆம் நாள், 12ஆம் வார ஊசி அன்று, 15 அலகு; காட்டு வைரஸைத் தடுக்கப் போதாது, ஊசியைத் தடுக்கப் போதும். 100ஆம் நாள்தான் 5க்கு வருகிறது. 80க்கும் 100க்கும் நடுவிலுள்ள இருபது நாளும் இந்தக் குட்டிக்குக் கடன் சக்தியும் காக்காது, ஊசியும் ஏறாது. கதவு திறந்தது 92இல்.

பூனை வளர்ப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: டோஸ்களின் எண்ணிக்கை முக்கியமல்ல, கடைசி டோஸ் எந்த வயதில் விழுந்தது என்பதுதான் முக்கியம். 6, 9, 12 வாரங்களில் மூன்று ஊசி போட்ட குட்டியைவிட, 8, 12, 16இல் மூன்று ஊசி போட்ட குட்டி பத்திரமானது. இரண்டுக்கும் செலவு ஒன்றுதான்.

8, 12, 16 வாரங்களில் ஊசி போடப்பட்ட 64 குட்டிகளைப் பின்தொடர்ந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. 20ஆம் வாரத்திலும் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஊசிக்குச் சரியாக வினைபுரியவில்லை. உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டி, 16 வாரத்தைத் தாண்டிய கடைசி டோஸுக்குப் பிறகு ஓராண்டு காத்திராமல், 26 வாரம் வாக்கில் இன்னொரு டோஸ் போடச் சொல்வதன் பின்னால் இருப்பதும் இதுதான். அந்த டோஸுக்குப் பூஸ்டர் என்ற பெயர் பொருந்தாது. முந்தியவை பிடிக்காத குட்டிகளைப் பிடிப்பதற்கான வலை அது. பல ஊசிகளின் உறையில் இரண்டு டோஸ் என்றுதான் அச்சிட்டிருக்கும். அது குறைந்தபட்சம். உறையைப் படித்து அட்டையை முடித்துவிடுவதால் வருவதே இந்த நிகழ்வு.

சிகிச்சை

வைரஸைக் கொல்லும் மருந்து கையில் இல்லை. மஜ்ஜை மீண்டும் வேலையைத் தொடங்கும் வரை, ஐந்து முதல் ஏழு நாள், குட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் சிகிச்சை.

நீரிழப்பு 8 விழுக்காடு என்று கணிக்கப்பட்டது. 1.3 கிலோவில் 8 விழுக்காடு 104 மி.லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு 80 மி.லி. வீதம் இன்னொரு 104. ஆக முதல் 24 மணி நேரத்தில் 208 மி.லி., மணிக்கு ஏறக்குறைய 9 மி.லி., நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட். வாந்தியிலும் கழிச்சலிலும் போவதை அவ்வப்போது கூட்டிக்கொள்ள வேண்டும். தின்னாத குட்டியின் ரத்தத்தில் பொட்டாசியமும் சர்க்கரையும் விரைவில் இறங்கும்; அவற்றை அளந்து டிரிப்ஸில் சேர்ப்பார்கள். தோலடியில் ஏற்றும் நீர் லேசான நீரிழப்புக்குத்தான் உதவும். கை கால் சில்லிட்ட குட்டிக்குத் தோலடி நீர் உள்ளே இழுபடாமல் பை போலத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆன்டிபயாட்டிக் வைரஸுக்காக அல்ல. குடல்தோல் உரிந்த இடத்தின் வழியாகக் குடல் பாக்டீரியா ரத்தத்தில் இறங்கும், அதை எதிர்க்க வெள்ளையணு இருக்காது. குட்டிகள் பெரும்பாலும் சாவது இதனால்தான். ஆகவே ஊசி வழியாகப் பரந்த வீச்சுள்ள மருந்து. கூடவே வாந்தியை நிறுத்தும் மருந்து. வாந்தி நின்றதும் மணிக்கு 5 மி.லி. என்று மெல்லிய உணவு தொடங்கியாயிற்று. முன்பு செய்தது போல நாள்கணக்கில் பட்டினி போடுவதில்லை. குடல்தோல் வளர உணவு வேண்டும்.

மோசமான அறிகுறிகள்: வெள்ளையணு 1,000க்குக் கீழ் போவது, காய்ச்சல் இறங்கி இயல்புக்கும் கீழே உடல் குளிர்வது. இந்தக் குட்டி நான்காம் நாள் தலையைத் தூக்கியது, ஐந்தாம் நாள் வெள்ளையணு 4,200, ஆறாம் நாள் தானாகத் தின்றது. ஐந்து நாளைத் தாண்டிவிட்ட குட்டிகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஐந்து நாளைத் தாண்டாதவையும் ஏராளம் என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டில் செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று குழந்தைக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது. ஒரு சிறு டோஸே கொன்றுவிடும். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைத் திறந்து பாலோ மோரோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். நோயில் கிடக்கும்போது இன்னொரு தடுப்பூசி போட்டுப் பயனில்லை.

வீட்டைக் கழுவுவது

நம் வீடுகளில் கை முதலில் போவது பினாயிலுக்கு. இங்கே அது இரட்டைத் தவறு. பார்வோவுக்குப் பினாயில் சரியான மருந்தல்ல. பூனைக்கோ ஃபீனால் வகைத் திரவம் நஞ்சு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே வாய்ப்புண்ணும் எச்சில் ஒழுகலும் வரும். டெட்டாலும் அந்தக் குடும்பம்தான். கைக்குப் போடும் சானிட்டைசர் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

வேலை செய்வது குளோரின். 5 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. பிளீச்சிங் பவுடர் என்றால் புதிதாகத் திறந்த பொட்டலத்திலிருந்து லிட்டருக்கு 6 கிராம். கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை எடுக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வீரியம். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். மலமும் மண்ணும் இருக்கும் இடத்தில் குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். பிறகு கரைசலை ஊற்றி 10 நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருந்து, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பினாயிலோடும் கழிப்பறை ஆசிடோடும் கலக்கவே கூடாது. ஆசிடோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஸ்டீல், பீங்கான் கிண்ணங்கள், டைல்ஸ் தரை, லிட்டர் டிரே (பூனை கழியும் மண்தட்டு) எல்லாம் இதில் தேறிவிடும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் டிரேயைத் தூக்கிப் போடுவது மேல். சோபா, மெத்தை, கயிற்றுக்கட்டில் இவற்றை முழுதாகச் சுத்தம் செய்ய வழியில்லை. ஆகவே இந்த வீட்டுக்கு ஓராண்டுக்கு ஊசி முடியாத வேறு குட்டி வரக் கூடாது. இரக்கப்பட்டுத் தெருவிலிருந்து தூக்கிவரும் குட்டி அதே சோபாவில் படுத்து அதே நோயில் சாவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

சரியான நாள்கணக்கு

8 வாரத்தில் முதல் கூட்டு ஊசி. காப்பகத்திலோ, நோய் பரவியிருக்கும் இடத்திலோ 6 வாரத்திலேயே தொடங்கலாம். அதிலிருந்து 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று. 16 வாரம் முடிந்தபின் ஒரு டோஸ் கட்டாயம் விழ வேண்டும்; 15 வாரம் 4 நாளில் போட்டுவிட்டு 'கிட்டத்தட்ட பதினாறு' என்று எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வெறிநோய் ஊசி 12 வாரத்தில். வெறிநோய் மலிந்த நம் நாட்டில் 2 முதல் 4 வாரம் கழித்து இன்னொன்று போடுவது நல்லது, ஓராண்டில் மறுபடியும். 26 வாரத்தில் கூட்டு ஊசி மீண்டும். ஐந்து மாதக் குட்டியை எடுத்து வந்தால் கதை வேறு: கடன் சக்தி போய்விட்டிருக்கும், 3 அல்லது 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் போதும்.

கூட்டு ஊசியில் பார்வோவோடு வரும் மற்ற இரண்டு, பூனைச் சளிக்குக் காரணமான ஹெர்பிஸ், கலிசி என்ற வைரஸ்கள். இவற்றுக்கு எதிராக ஊசி தொற்றை முழுதாகத் தடுக்காது, நோயின் கடுமையைக் குறைக்கும். ஊசி போட்ட பூனைக்கும் தும்மலும் கண்ணீரும் வரலாம். பூனை லுக்கேமியாவுக்கு எதிரான ஊசி கிடைத்தால், வெளியே போகும் பூனைக்கு அது அவசியம்.

கடைசி டோஸ் போட்ட அன்றே சக்தி வந்துவிடாது. பார்வோவுக்கு எதிரான காப்பு சில நாளிலேயே எழத் தொடங்கினாலும், 3 வாரம் விடுவது நிச்சயம். 16 கூட்டல் 3, பத்தொன்பது வாரம். நோயை மட்டும் வைத்துப் பார்த்தால் வெளியே விடக்கூடிய முதல் நாள் அது.

அதையும் எங்கள் தீர்ப்பாகச் சொல்லமாட்டோம். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும். கருத்தடை செய்யாமல் வெளியே விட்டால் இரண்டு மாதம் கழித்து நான்கு குட்டிகளோடு அதே மாடிப்படி மூலையில் நிற்கும். ஆணாக இருந்தால் சண்டைக்குப் போகும். ஆழமான கடி வழியாகப் பரவும் பூனை எச்.ஐ.வி. வைரஸை எந்தக் கூட்டு ஊசியும் தடுக்காது. 4 முதல் 5 மாதத்துக்குள் கருத்தடை, தையல் ஆற 10 முதல் 14 நாள், மயக்கத்தில் இருக்கும்போதே மைக்ரோசிப். பூனைகள் வெளியே உலவுவது வழக்கமான இங்கிலாந்திலேயே 2024 ஜூன் 10 முதல், 20 வாரம் ஆவதற்குள் சிப் பொருத்துவது சட்டம். ஆக, வெளியே விடும் வயது ஐந்தரை முதல் ஆறு மாதம்.

ஊசி மேசையில் நடக்கும் பிழைகள்

இந்தக் குட்டிக்குச் சீம்பால்தான் காரணம் என்றாலும், ஊசி கெடும் வழிகளும் உண்டு. உலர் வில்லையாக வரும் உயிருள்ள ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கி, சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு எடுத்துப் போனால் வீரியம் போய்விடும். கடையில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொதி, நடுவே துணி. குப்பி ஐஸில் நேராகப் படக் கூடாது, உறைந்தாலும் கெடும். கலக்கிய ஊசியை அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஸ்பிரிட் ஈரம் காயாத தோலில் உயிருள்ள ஊசியைப் போட்டால், ஸ்பிரிட்டைத் தாங்காத ஹெர்பிஸ் போன்ற ஊசி வைரஸ் கெட்டுப்போகலாம்.

'குட்டி சின்னது, அரை டோஸ் போதும்' என்ற பேச்சை எங்கே கேட்டாலும் மறுத்துவிடுங்கள். தடுப்பூசியின் அளவு எடையைப் பொறுத்ததல்ல. ஒரு குப்பி, ஒரு பூனை. இரண்டு குட்டிக்குப் பங்கிட்டால் இரண்டுமே காப்பில்லாமல் போகும்.

சினைப்பூனைக்கும் நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் உயிருள்ள பார்வோ ஊசி கூடாது. வளரும் சிறுமூளை பாதிக்கப்பட்டுக் குட்டிகள் வாழ்நாள் முழுதும் தள்ளாடும். காய்ச்சலோ கழிச்சலோ இருக்கும் நாளில் ஊசியைத் தள்ளிப்போடுங்கள். புழு மருந்தை மூன்றாம் வாரத்திலிருந்து பால் மறக்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுக்க வேண்டும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நாய்க்கு விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துவிடும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள். முகம் வீங்குவது, அடுத்தடுத்து வாந்தி, மூச்சிரைப்பு இவை உடனடி ஒவ்வாமை. ஓரிரு நாள் சோம்பல் இயல்பு. ஊசி போட்ட இடத்தில் கட்டி இருந்தால் மூன்று கணக்கு நினைவில் இருக்கட்டும்: 3 மாதம் தாண்டியும் இருந்தால், 2 செ.மீ.க்கு மேல் பெருத்தால், 1 மாதத்துக்குப் பின்னும் வளர்ந்தால் காட்டியாக வேண்டும். அட்டையில் ஊசியின் பெயர், தொகுதி எண், காலாவதி, போட்ட உறுப்பு நான்கும் வேண்டும். குப்பியின் ஒட்டுச்சீட்டை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மருத்துவர்கள் கேட்காமலே ஒட்டுவார்கள்.

இந்தக் குட்டியின் அடுத்த மூன்று மாதம்

பார்வோ வந்து பிழைத்த பூனைக்கு அந்த நோய்க்கு எதிராக நெடுநாள் காப்பு இருக்கும். அதனால் ஊசியை நிறுத்திவிடக் கூடாது. ஹெர்பிஸும் கலிசியும் வெறிநோயும் அப்படியே நிற்கின்றன. 19ஆம் வாரத்தில், எடை 1.9 கிலோவுக்குத் தேறியபின், கூட்டு ஊசியும் வெறிநோய் ஊசியின் இரண்டாம் டோஸும் போடப்பட்டன.

குணமான குட்டி ஆறு வாரம் வரை மலத்தில் வைரஸைக் கழிக்கக்கூடும். ஆகவே 21 வாரம் தாண்டும் வரை தெருக்குட்டிகளைக் காப்பதற்காகவும் அது வீட்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. லிட்டர் மண்ணை மாடிப்படி மூலையில் கொட்டாமல், இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார்கள். 22ஆம் வாரம் கருத்தடையும் சிப்பும். 24ஆம் வாரம் முதல் வெளி.

முதல் வெளிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே சேணப்பட்டை பழக்கம் தொடங்கியது. வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம். தீனி டப்பாவைக் குலுக்கும் ஓசைக்கு ஓடி வரவும் பழக்கினார்கள். இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் கழுத்துப்பட்டை மட்டும்தான் வெளியே. சாதாரணக் கழுத்துப்பட்டை வேலிக்கம்பியில் மாட்டினால் சுருக்காகிவிடும். இந்த வேலைகளைத் தீபாவளி வாரத்தில் தொடங்கக் கூடாது. வெடிச்சத்தத்தில் மிரண்டோடிய குட்டிக்குத் திரும்பும் வழி தெரியாது.

ஊசிகள் எல்லாம் சரியாக விழுந்தாலும் வண்டிச் சக்கரத்துக்கும் நாய்க்கூட்டத்துக்கும் எலி விஷத்துக்கும் பசைத்தாளுக்கும் தடுப்பூசி கிடையாது. நெரிசலான தெருவில் பூனையைத் தன் போக்கில் விடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பால்கனிக்கு ஓர் அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு வலை அடித்துவிட்டால் வெயிலும் காற்றும் காக்கையைப் பார்த்து வாலாட்டும் இன்பமும் அங்கேயே கிடைக்கும். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்துக் கிழித்துவிடும்.

வெளியே போய்வரும் பூனை வீட்டாரைக் கீறினாலோ கடித்தாலோ, பூனைக்கு ஊசி போட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். வெறிநோய் ஊசி அங்கே இலவசம்.

24ஆம் வாரம், மாலை நான்கு மணி, இரவு உணவுக்கு முன், வயிறு லேசாகப் பசித்திருக்கும் நேரம். வாசல் வரை, பத்து நிமிடம், சேணப்பட்டையோடு. மாடிப்படி மூலையின் பக்கம் போகவிடவில்லை. டப்பாவைக் குலுக்கியதும் குட்டி உள்ளே வந்தது.